ஆப்பிரிக்காவில் புஷ் பைலட் வேலை: தேடுவதும் கிடைத்த பின் நிலைப்பதும்

கமர்ஷியல் லைசென்ஸ் எடுத்தாகிவிட்டது. பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் 200, 250 மணி நேரம் இருக்கிறது. ஏர்லைன் அழைப்பு மட்டும் வரவில்லை. இந்த நிலையில் இருக்கும் பிள்ளைகள் பலர், "ஆப்பிரிக்காவில் சின்ன விமானம் ஓட்டும் வேலை கிடைக்குமாமே, எப்படிப் போவது?" என்று கேட்கிறார்கள். கிடைக்கும். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அது தெரியாமல் வீட்டில் உட்கார்ந்து எத்தனை மின்னஞ்சல் அனுப்பினாலும் பதில் வராது.

புஷ் பைலட் என்றால் சாலை எட்டாத இடங்களுக்குச் சின்ன விமானம் ஓட்டுபவர். முதலில் இது என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். போட்ஸ்வானாவின் வடக்கே ஒக்கவாங்கோ டெல்டா இருக்கிறது. அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்யும் மழை ஆறாக இறங்கி, கடலுக்குப் போகாமல் கலஹாரி மணலில் பரவி நிற்கும் இடம். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1000-ஆவது இடமாக 2014-இல் சேர்ந்தது. அந்த வெள்ளம் மெல்ல நகர்ந்து மாவுன் என்ற ஊரை எட்டுவதற்குள் ஜூன், ஜூலை ஆகிவிடும். அங்கே அது மழையே இல்லாத காலம். விலங்குகள் தண்ணீரைத் தேடிக் கூடும். சுற்றுலாப் பயணிகளும் அப்போதுதான் வருவார்கள். முகாம்களைச் சுற்றிலும் நீரும் சதுப்பும். பல முகாம்களுக்குச் சாலையே கிடையாது. விருந்தினர், காய்கறி, ஜெனரேட்டர் உதிரிபாகம், விடுமுறைக்கு ஊர் போகும் சமையல்காரர் என்று எல்லாமே மாவுனிலிருந்து சின்ன விமானத்தில்தான் போகவேண்டும், வரவேண்டும். ஒரு பயணம் பத்து நிமிடமும் இருக்கலாம், முக்கால் மணி நேரமும் இருக்கலாம். இறங்கும் இடம் மணலையும் சரளையையும் கெட்டித்து வைத்த ஏர்ஸ்ட்ரிப். கண்ட்ரோல் டவர் இல்லை, விளக்கு இல்லை, ஓடுதளத்தில் யானை நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத நேரமும் உண்டு. எல்லாம் பகல் வேலைதான். பொழுது சாய்வதற்குள் எங்காவது இறங்கி விமானத்தைக் கட்டிவிட வேண்டும்.

இதிலிருந்தே ஒரு விஷயம் புரியும். இருபத்து மூன்று வயது ஆளிடம் ஒரு விமானத்தையும் ஐந்து உயிர்களையும் ஒப்படைத்து, கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்புகிறார்கள். ஆகவே உங்களைப் பார்க்கும் சீஃப் பைலட்டின், அதாவது நிறுவனத்தின் தலைமை விமானியின் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: தனியாக விட்டால் இவர் சரியாக முடிவெடுப்பாரா? பேப்பர், பேச்சு, செக் ரைடு (கூடவே உட்கார்ந்து உங்களைப் பறக்கவைத்துப் பார்க்கும் சோதனை) எல்லாவற்றிலும் அவர் தேடுவது இதற்கான பதிலைத்தான்.

எங்கே தேடுவது

குறைந்த மணி நேரம் வைத்திருப்பவர்களுக்கு மாவுன்தான் முதல் இடம். மேக் ஏர், டெல்டா ஏர், மேஜர் ப்ளூ ஏர், கவாங்கோ ஏர், மோரேமி ஏர், வைல்டர்னஸ் ஏர் என்று பல நிறுவனங்கள் ஒரே விமான நிலையத்தை மையமாக வைத்து இயங்குகின்றன. புதியவர்கள் பெரும்பாலும் செஸ்னா 206, ஏர்வேன் போன்ற ஆறிலிருந்து எட்டு இருக்கை விமானங்களில் தொடங்கி, மணி நேரம் சேர்ந்ததும் டர்போ பிராப் இயந்திரம் கொண்ட கேரவனுக்கு மாறுவார்கள்.

நமீபியா அடுத்தது. விண்ட்ஹூக் நகருக்குள்ளேயே இருக்கும் ஈரோஸ் விமான நிலையம்தான் மையம். டெசர்ட் ஏர், சீனிக் ஏர், வெஸ்ட்ஏர் போன்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். அங்கே செஸ்னா 210 தெரிந்திருக்க வேண்டும். பயண தூரம் அதிகம், பாலைவனம், மேட்டுநிலம். அதனால் மாவுனைவிடக் கொஞ்சம் கூடுதல் மணி நேரம் கேட்பார்கள்.

தான்சானியாவில் பெரும்பாலும் கேரவன். 200 மணி நேரத்தோடு போனால் வேலை இல்லை. சில நூறு மணி நேரம் கமாண்ட், அதாவது நீங்களே பொறுப்பு விமானியாகப் பறந்த நேரம், சேர்த்த பிறகு போகவேண்டிய இடம் அது. கென்யாவின் நைரோபி வில்சன் விமான நிலையத்துக்குப் பெரிய மரபு உண்டு. 1957-இல் தொடங்கிய ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை இன்றும் அங்கிருந்துதான் இயங்குகிறது. ஆனால் கென்யாவிலேயே லைசென்ஸ் எடுத்துவிட்டுக் காத்திருக்கும் இளைஞர்கள் ஏராளம். வெளியூர் புதியவருக்கு வொர்க் பெர்மிட் வாங்கிக் கொடுக்க நிறுவனத்துக்குக் காரணமே இருக்காது. தெற்கு சூடான், காங்கோ பக்கம் ஐநா உலக உணவுத் திட்டத்தின் நிவாரண விமானங்கள் பறக்கின்றன. அது அனுபவசாலிகளுக்கான வேலை, முதல் வேலையாக அதைத் தேடாதீர்கள்.

லாக்புக்கில் என்ன இருக்கவேண்டும்

இந்திய லைசென்ஸுக்கு 200 மணி நேரம் போதும். மாவுனில் அதை வைத்து வேலை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் 250, 300 என்று போனால் கதவு அகலமாகத் திறக்கும். குறைந்தபட்சம் இவ்வளவு என்று முடிவு செய்வது பெரும்பாலும் நிறுவனத்தின் இன்ஷூரன்ஸ்தான். சீஃப் பைலட்டுக்கு உங்களைப் பிடித்திருந்தாலும் இன்ஷூரன்ஸ் கேட்கும் மணி நேரத்தை நீங்கள் எட்டாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மணி நேரத்தைவிட அது எதில் சேர்ந்தது என்பது முக்கியம். பயிற்சி விமானமான செஸ்னா 172-லேயே எல்லாம் பறந்திருந்தால், கையில் இருக்கும் பணத்தில் 206-லோ 210-லோ ஒரு கன்வர்ஷன் (வேறு ரக விமானத்துக்கு மாறும் பயிற்சி) செய்யுங்கள். மாறும் கோணமுள்ள புரொப்பெல்லர், 300 குதிரைத்திறன் எஞ்சின், கனமான மூக்கு இவற்றையெல்லாம் செக் ரைடு அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது நல்லதல்ல. ஜோகன்னஸ்பர்க் சுற்றுவட்டாரத்தில் ராண்ட், கிராண்ட் சென்ட்ரல், லான்சீரியா விமான நிலையங்களில் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. அங்கே செய்தால் வெயில், உயரம் இரண்டுக்கும் பழகியது போலவும் ஆகும். தென்னாப்பிரிக்க லைசென்ஸே எடுத்தவர்களுக்கு நமீபியா, போட்ஸ்வானா அங்கீகாரம் எளிது என்பதும் உண்மை.

கடைசியாக எப்போது பறந்தீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். பயணிகளை ஏற்றிச் செல்ல, கடந்த 90 நாளில் 3 முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான சட்ட விதி. ஆறு மாதம் விமானத்தையே தொடாமல் மாவுனில் போய் நின்றால் அது முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். புறப்படுவதற்கு முந்தைய மாதம் சில மணி நேரமாவது பறந்துவிட்டுப் போங்கள். அந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பேப்பர் வேலை

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். இந்திய லைசென்ஸை வைத்து நேரடியாகப் போட்ஸ்வானா பதிவு விமானத்தை ஓட்ட முடியாது. அந்நாட்டு விமானத்துறை ஆணையம் அதற்கு அங்கீகாரம் தரவேண்டும். எல்லோரும் இதை வேலிடேஷன் என்றே சொல்கிறார்கள். அவர்கள் நம் விமானத்துறை ஆணையமான டிஜிசிஏ-வுக்கு எழுதி, "இந்த லைசென்ஸ் உண்மைதானா?" என்று உறுதிசெய்துகொள்வார்கள். அந்தப் பதில் வரத் தாமதமாகும். அதனால் பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண் எல்லாம் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று ஊரிலேயே சரிபார்த்துவிடுங்கள். இனிஷியல் பிரச்சினை நமக்கு அதிகம். லைசென்ஸில் "கே. முருகன்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால் அங்கே உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வேலிடேஷன் உங்கள் தாய் லைசென்ஸின் மேல் நிற்கிறது. இங்கே மெடிக்கலோ லைசென்ஸோ காலாவதியானால் அங்கேயும் பறக்க முடியாது. முதல் வகுப்பு மெடிக்கல் புதிதாக எடுத்த கையோடு கிளம்பினால் கிட்டத்தட்ட ஒரு வருடம் கவலை இல்லை. ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று நான்காம் நிலைக்குக் குறையாமல் இருக்கவேண்டும். போலீஸ் சான்று பாஸ்போர்ட் அலுவலகம் மூலம் வாங்கிக்கொள்ளுங்கள். கல்விச் சான்றுகளின் சான்றொப்பமிட்ட பிரதிகள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். வழியில் எந்த நாட்டில் விமானம் மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்பார்கள். டிக்கெட் போடும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

மாவுன் பக்கம் மழைக்காலத்தில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காமல் விமானத்துறை மருத்துவரிடம் கேளுங்கள். மெஃப்ளோக்வின் என்ற மருந்து தலைச்சுற்றலும் மனக்குழப்பமும் தரக்கூடியது. விமானிகளுக்கு அது ஆகாது.

எப்போது போவது, எவ்வளவு பணத்தோடு

ஜூன் முதல் அக்டோபர் வரை உச்சக் காலம். அதற்குள் புதியவரைப் பயிற்றுவித்து முடிக்கவேண்டும். வேலிடேஷனும் வொர்க் பெர்மிட்டும் அதற்கு முன்பே வந்தாகவேண்டும். இதைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் அங்கே இருப்பது நல்லது. மழைக்காலம் முடிவை நெருங்கி, சீஃப் பைலட்டுக்கும் பேச நேரம் இருக்கும் காலம் அது. ஆகஸ்டில் போய் நின்றால் உங்களோடு ஐந்து நிமிடம் பேசவும் அவருக்கு ஒழியாது. ஆனால் திடீரென ஒருவர் ஏர்லைனுக்குப் போய்விட்டால் நடுவிலும் இடம் காலியாகும். அப்போது ஊரில் யார் இருக்கிறாரோ அவருக்குத்தான் கிடைக்கும்.

திரும்பி வரும் டிக்கெட்டும், மூன்று மாதம் சாப்பிட்டுத் தங்கும் அளவு பணமும் இல்லாமல் கிளம்பாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பணம் கரையக் கரைய மனிதர் அவசரப்படுவார். அந்த அவசரம் முகத்தில் தெரியும், ஆள் எடுப்பவர் அதையும் கவனிப்பார். கடன் வாங்கித்தான் போகவேண்டும் என்றால் இந்த வருடம் விட்டு அடுத்த வருடம் போங்கள். ஆற்றங்கரையில் பேக்பேக்கர் விடுதிகள் உண்டு. கூடாரத்தில் தங்கினால் செலவு குறையும். அங்கே உங்களைப் போலவே வேலை தேடி வந்த விமானிகளும் இருப்பார்கள். எந்த நிறுவனத்தில் யார் கிளம்புகிறார் என்ற தகவல் அவர்கள் வாயிலிருந்துதான் முதலில் வரும்.

கதவைத் தட்டுவது

ஒரே பக்கத்தில் பயோடேட்டா. மேலே பெயர், நாடு, லைசென்ஸ். அதற்கடியில் மொத்த மணி நேரம், கமாண்ட் மணி நேரம், எந்த விமானத்தில் எவ்வளவு, கடைசியாகப் பறந்த தேதி. சீஃப் பைலட் முதலில் பார்ப்பது இந்த நான்கு வரிகளைத்தான். வாழ்க்கை லட்சியம் பற்றிய பத்தி வேண்டாம். லாக்புக் கூட்டல்கள் சரியாக இருக்கட்டும். பொய்யாக ஒரு மணி நேரம் எழுதியிருந்தாலும் மாவுன் போன்ற சின்ன ஊரில் எல்லா நிறுவனத்துக்கும் தெரிந்துவிடும்.

சுத்தமான சட்டை, மூடிய காலணி. காலை நெரிசல் முடிந்து பகல் வேளையில் போங்கள். உள்ளே நுழைந்ததும் ஆண்களுக்கு "டுமெலா ர்ரா", பெண்களுக்கு "டுமெலா ம்மா" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வாருங்கள். வணக்கம் சொல்லாமல் காரியம் பேசுவது அங்கே மரியாதைக்குறைவு. வரவேற்பு மேசையில் இருப்பவரையும், பெட்டி தூக்குபவரையும் சீஃப் பைலட்டைப் போலவே நடத்துங்கள். நாளைக்கு உங்களோடு வேலை செய்யப் போகிறவர்கள் அவர்கள். "அந்தப் பையன் எப்படி?" என்று அவர்களிடமும் கேட்பார்கள்.

ஒரு முறை போய்விட்டு வந்தால் போதாது. வாரத்துக்கு ஒரு முறை தலையைக் காட்டுங்கள், தினமும் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள். முகாம் அலுவலகத்திலோ கிடங்கிலோ சின்ன வேலை பார்த்தபடி காத்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெர்மிட் இல்லாமல் எந்த வேலையும், சம்பளம் வாங்காமல் செய்தாலும்கூட, சட்டவிரோதம்தான். நாடு கடத்தப்பட்டால் அந்தக் கதவு நிரந்தரமாக மூடிவிடும்.

செக் ரைடு

உங்களைப் பிடித்திருந்தால் ஒரு நாள் அழைத்து, உங்களை ஓட்டச் சொல்லிவிட்டு வலது இருக்கையில் அவர்கள் ஏறி உட்கார்வார்கள். பலர் இதற்கு ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் நிலை), ஸ்டீப் டர்ன் (செங்குத்தாகச் சாய்ந்து திரும்புதல்) என்று தயாராகிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் தரையிலேயே பாதி முடிவாகிவிடும். எடைக் கணக்கை உங்கள் கையால் போடச் சொல்வார்கள். ஒரு உதாரணம் பாருங்கள்.

செஸ்னா 206-இன் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 3,600 பவுண்டு, சுமார் 1,633 கிலோ. வெறும் விமானம் 1,000 கிலோ என்று வையுங்கள். மீதி 633. விமானி 75, பயணிகள் ஐந்து பேர் தலைக்கு 80 என்றால் 400, ஆளுக்கு 20 கிலோ பையாக 100. மொத்தம் 575. எரிபொருளுக்கு மிஞ்சுவது 58 கிலோ. அவ்காஸ் எனும் விமானப் பெட்ரோல் லிட்டர் 0.72 கிலோ, ஆக 80 லிட்டர். மணிக்கு 55, 60 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு அது ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். அதிலும் அரை மணி நேரம் கையிருப்பாக இருக்கவேண்டும். "டாங்கை நிரப்பிக்கொண்டு போவோம்" என்று சொன்னீர்களானால் பேச்சு அங்கேயே முடிந்தது. அப்புறம், பயணி 80 கிலோ என்று பேப்பரில் இருந்து, 110 கிலோ ஆள் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்பார்கள். பையை அடுத்த விமானத்துக்கு விடுவேன், எரிபொருள் கணக்கை மறுபடி போடுவேன், அப்போதும் ஒத்துவராவிட்டால் கிளம்பமாட்டேன். இதை முகம் சுளிக்காமல், குரல் உயர்த்தாமல் பயணியிடம் சொல்லத் தெரிய வேண்டும்.

அடுத்தது வெப்பம். மாவுன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,100 அடி உயரம். அந்த உயரத்தில் இயல்பாக இருக்கவேண்டிய வெப்பநிலை 9 டிகிரி. அக்டோபர் மதியம் 38 டிகிரி அடிக்கும். 29 டிகிரி கூடுதல். சூடான காற்று உயரத்துக் காற்றைப் போல மெலிந்திருக்கும். டிகிரிக்கு 120 அடி வீதம் ஏறத்தாழ 3,500 அடி. ஆக, விமானத்தைப் பொறுத்தவரை நீங்கள் தரையில் நிற்கும்போதே 6,600 அடியில் இருக்கிறீர்கள். விண்ட்ஹூக் ஈரோஸ் இன்னும் மோசம்: 5,575 அடி உயரத்தில் 35 டிகிரி என்றால் 9,300 அடி. ஓடவேண்டிய தூரம் கூடும், ஏறும் வேகம் குறையும், எஞ்சின் சூடாகும். இந்தக் கணக்கு மனப்பாடமாக வரவேண்டும். சென்னையிலும் மதுரையிலும் பறந்து பழகியவருக்கு வெயில் புதிதல்ல, இந்த உயரம்தான் புதிது.

மேலே போனதும் ஏதாவது ஒரு ஏர்ஸ்ட்ரிப்புக்குக் கூட்டிப்போவார்கள். முதலில் தாழப் பறந்து பாருங்கள்: விலங்கு இருக்கிறதா, காட்டுப்பன்றி தோண்டிய குழி இருக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா, காற்று எந்தப் பக்கம். பிறகு சுற்றி வந்து, வேகத்தைச் சரியாகப் பிடித்து, நினைத்த இடத்தில் சக்கரம் வைக்கவேண்டும். வேகம் ஐந்து நாட் (மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்) கூடினாலே குட்டை ஓடுதளத்தில் பாதி போய்விடும். சரிவரவில்லை என்று பட்டதும் எஞ்சினுக்கு முழு பவர் கொடுத்து மேலே ஏறிவிடுங்கள். அப்படித் திரும்பப் போனவரைக் குறைத்து மதிப்பிட்ட சீஃப் பைலட்டை நான் கண்டதில்லை. எப்படியாவது இறக்கிக் காட்டுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தவரைத்தான் திருப்பி அனுப்புவார்கள்.

வேலை கிடைத்ததும்

ஒப்பந்தத்தைப் படியுங்கள். தங்குமிடம் தருகிறார்களா, பயிற்சிச் செலவுக்காக எவ்வளவு காலம் கட்டிப்போடுகிறார்கள், நடுவில் விலகினால் என்ன கட்டவேண்டும், மருத்துவக் காப்பீடு உண்டா என்று பாருங்கள். வொர்க் பெர்மிட்டுக்கு நிறுவனம்தான் விண்ணப்பிக்கும். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று அரசிடம் காட்டவேண்டும். போட்ஸ்வானாவின் சொந்த விமானிகள் எண்ணிக்கை வளர்ந்துவருகிறது. அவர்களுக்கு முதலிடம் தருவது நியாயமானது, அதைப் பற்றி முணுமுணுக்காதீர்கள். பெர்மிட் வர மாதக்கணக்கிலும் ஆகலாம்.

"பணம் கட்டுங்கள், கேரவன் கோ-பைலட் சீட் உறுதி" என்று யாராவது ஊரில் வந்து சொன்னால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நல்ல சஃபாரி நிறுவனம் வேலை தருவதற்குப் பணம் வாங்காது.

நிறுவனத்தை நீங்களும் எடைபோட வேண்டும். விமானங்களின் டயரையும் சீட் பெல்ட்டையும் பாருங்கள். கோளாறை எழுதிவைத்தால் சரிசெய்கிறார்களா என்று அங்கே பறப்பவர்களிடம் தனியாகக் கேளுங்கள். 2011 அக்டோபரில் டெல்டாவின் சகனகா ஏர்ஸ்ட்ரிப்பிலிருந்து கிளம்பிய கேரவன் ஒன்று விழுந்து, விமானி உட்பட 8 பேர் இறந்தார்கள். இந்தத் தொழிலில் அப்படியும் நடக்கும் என்பதை வீட்டிலும் மறைக்காமல் சொல்லிவிட்டுப் புறப்படுவதே சரி.

தொடக்கத்தில் ஒரு மூத்த விமானி கூடவே வந்து ஒவ்வொரு ஏர்ஸ்ட்ரிப்பாகக் காட்டித் தருவார். உங்களுக்கென ஒரு சின்ன நோட்டு வைத்து வரைந்துகொள்ளுங்கள்: ஓடுதளத்தின் எந்த முனையில் மணல் இளகியிருக்கிறது, எந்தப் பக்கம் மரம் உயரம், வெள்ளக் காலத்தில் எவ்வளவு தூரம் பயன்படும். பிறகு தனியாகப் பறக்கும் நாளில் நீங்கள்தான் விமானி, நீங்கள்தான் சுமை ஏற்றுபவர், நீங்கள்தான் பயணிகளுக்குப் பாதுகாப்பு விளக்கம் சொல்பவர். எரிபொருளின் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை நிரப்பிய பின்னும் வடித்துப் பாருங்கள். டிரம்மிலிருந்து பம்ப் செய்தது என்றால் இரண்டு முறை. ரேடியோவில் எங்கே இருக்கிறோம், எந்த உயரம், எங்கே போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருங்கள். சீசனில் அந்த வானத்தில் நெரிசல் அதிகம், போதாததற்குக் கழுகுகள் வேறு. இரவு முகாமில் தங்கினால் சக்கரத்தைச் சுற்றி முள் வெட்டிப் போடுங்கள், கழுதைப்புலி டயரைக் கடிக்கும்.

முதல் வருடச் சம்பளத்தில் பயிற்சிக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சாப்பாடு, வாடகை போகக் கொஞ்சம்தான் மிஞ்சும். சம்பாதிப்பது கமாண்ட் மணி நேரத்தைத்தான். ஏர்லைன் கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் லைசென்ஸுக்கு மொத்தம் 1,500 மணி நேரம் வேண்டும். அதை நோக்கி இங்கே சேரும் ஒவ்வொரு மணி நேரமும் முடிவெடுத்துப் பறந்த நேரம்.

இரண்டு, மூன்று சீசன் முடித்துக் கிளம்பும்போது சீஃப் பைலட்டின் கையொப்பமும் நிறுவன முத்திரையும் லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் வாங்கிவிடுங்கள். எந்த விமானத்தில் எத்தனை மணி நேரம் என்ற சான்றுக் கடிதம் தனியாக இரண்டு பிரதி வாங்குங்கள். போட்ஸ்வானா ஆணையத்திடம் வேலிடேஷன் காலத்துக்கான உறுதிக் கடிதமும் கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வந்து டிஜிசிஏ-விடம் இந்த மணி நேரத்தைக் காட்டும்போது கேட்கப்படுவது இவைதான். நாடு விட்டு வந்த பிறகு தொலைபேசியில் கேட்டு வாங்குவது படாத பாடு.